கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா?

இருதயத்தைப் பற்றி நான் எழுதிய அளவுக்கு வேறு எந்த உறுப்பைப் பற்றியும் எழுதியதில்லை. என் கதாநாயகிகளின் இருதயங்கள் படபடத்திருக்கின்றன, உருகியிருக்கின்றன, சில சமயம் சுக்கு நூறாக உடைந்து, அடுத்த வாரத் தொடர்ச்சியில் மறுபடியும் ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. நாற்பது வருஷ காலம் இப்படி ஊரார் இருதயங்களைக் கொண்டு பிழைப்பு நடத்திய எனக்கு, என் சொந்த இருதயம் எங்கிருந்து சாப்பிடுகிறது என்பது மட்டும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் திருச்சி மலைக்கோட்டைப் படிகளில் வாய்த்தது.

தாயுமானவர் சந்நிதியைத் தாண்டி உச்சிப் பிள்ளையாரை நோக்கி ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று மார்பின் நடுவில் யாரோ அம்மிக் குழவியை வைத்து அழுத்துவது போலிருந்தது. உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷத்தில் குழவி போய்விட்டது. "வாயுவாக இருக்கும்" என்று உடன் வந்த நண்பர் தீர்ப்புச் சொன்னார். தமிழ் நாட்டில் பாதி வியாதிகளுக்கு வாயு பகவான்தான் பொறுப்பு. எனக்கும் அந்தத் தீர்ப்புப் பிடித்திருந்தது. ஆனால் வீட்டில் உள்ளவர்கள் அதை ஏற்கவில்லை.

டாக்டர் என்னைப் படுக்க வைத்து ஈ.ஸி.ஜி. எடுத்தார். கோடுகளைப் பார்த்துவிட்டு, "இதில் குற்றம் ஒன்றும் இல்லை" என்றார்.

"அப்படியானால் வாயுதானே?" என்று ஆவலுடன் கேட்டேன்.

"படுத்திருக்கிற இருதயத்தை விசாரித்தால், 'சௌக்கியம்' என்றுதான் பதில் வரும், ஸார். அதை ஓடவிட்டுக் கேட்க வேண்டும். ஓர் அணுப் படம் எடுத்துப் பார்த்துவிடலாம்."

அணு என்றதும் எனக்கு ஹிரோஷிமாவின் காளான் மேகம் கண் முன் நின்றது. டாக்டர் சிரித்தார். "பயப்படாதீர்கள். ஊசியில் ஒரு துளி. அது எங்கே போகிறது என்று வெளியிலிருந்து பார்ப்போம். அவ்வளவுதான்" என்றார். அவருக்குப் பின்னால் வரிசையில் இருபது பேர் காத்திருந்தார்கள். அதற்கு மேல் விளக்கம் கேட்க எனக்குத் தைரியமில்லை. பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. அந்தப் பத்து நாளும் பயத்தைப் போக்கிக்கொள்ள, இந்தப் படத்தின் பூர்வோத்தரத்தைத் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை வாசகர்களுக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

இந்தக் கதை ஆஸ்பத்திரியில் ஆரம்பிக்கவில்லை. இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்தில், ஒரு விடுதியின் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பிக்கிறது. 1911-ஆம் வருஷம் ஹங்கேரி தேசத்து இளைஞர் ஒருவர் அங்கே வந்து சேர்ந்தார். பெயர் ஜார்ஜ் ஹெவிஸி. அணுவின் மர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ரூதர்போர்டு அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். ஒரு பெரிய ஈயக் குவியலுக்குள் 'ரேடியம் டி' என்ற கதிர் வீசும் பொருள் கலந்திருக்கிறது; அதைத் தனியே பிரித்து எடுக்க வேண்டும். ஹெவிஸி என்னென்னவோ முறைகளைக் கையாண்டு பார்த்தார். முடியவில்லை. முடியாததற்குக் காரணம் பிறகு தெரிந்தது: ரேடியம் டி என்பதும் ஈயமேதான். கதிர் வீசும் ஈயம். குணத்தில் ஒன்றாக இருப்பதைக் குணத்தைக் கொண்டு எப்படிப் பிரிப்பது?

வேறொருவராக இருந்தால் தலையில் அடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருப்பார். ஹெவிஸி தோல்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். பிரிக்க முடியாது என்றால் அதுவே ஓர் உபகாரமல்லவா? சாதாரண ஈயத்தில் கதிர் வீசும் ஈயத்தைச் சிறிது கலந்துவிட்டால், கூட்டத்தில் ஓர் ஆள் கையில் விளக்கைக் கொடுத்து அனுப்பியது போல் ஆகும். கூட்டம் எங்கே போனாலும் விளக்கு காட்டிக் கொடுத்துவிடும்.

இந்த யுக்தியை அவர் முதலில் பிரயோகித்த இடம்தான் வேடிக்கையானது. விடுதியை நடத்திய அம்மாள் தினமும் புதிதாகச் சமைப்பதாகச் சொல்லிக்கொண்டு, முந்தைய நாள் இலையில் மிஞ்சியதையே வேறு பெயரில் பரிமாறுகிறாள் என்று அவருக்குச் சந்தேகம். ஒரு நாள் தாம் மிச்சம் வைத்த உணவில் கடுகளவு கதிர்ப் பொருளைச் சேர்த்துவிட்டார். சில நாள் கழித்து மேஜைக்கு வந்த பதார்த்தத்தின் அருகே கருவியை வைத்தார். கருவி துடித்தது! இதை ஹெவிஸியே பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பாராம். விளக்கை அனுப்பி வழியைக் கண்டுபிடிக்கும் இந்த முறைக்காக 1943-ஆம் வருஷத்து நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. விடுதிக்கார அம்மாளுக்கு என்ன கிடைத்தது என்பது சரித்திரத்தில் இல்லை.

அந்த விளக்கை மனித ரத்தத்தில் முதலில் அனுப்பியவர் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் ஹெர்மன் பிளம்கார்ட். 1920-களின் நடுவில் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. உடம்பில் ரத்தம் சுற்றுகிறது என்று 1628-லேயே ஹார்வி நிரூபித்துவிட்டார். ஆனால் என்ன வேகத்தில் சுற்றுகிறது? இருதயம் களைத்துப் போனவனுக்கு அந்த வேகம் குறைகிறதா? பிளம்கார்ட் ஒரு கையின் ரத்தக் குழாயில் 'ரேடியம் ஸி' என்ற பொருளை ஊசி மூலம் செலுத்தினார். மறு கையின் அருகே கதிரைக் கண்டால் தெரிவிக்கும் கருவியை வைத்தார். ஊசி போட்ட கையிலிருந்து இருதயம், நுரையீரல், மறுபடி இருதயம் என்று ஒரு சுற்றுப் பிரயாணம் செய்து ரத்தம் மறு கைக்கு வந்து சேரச் சுமார் 18 விநாடி ஆயிற்று. இருதயம் தளர்ந்தவர்களிடம் அதற்கு மேல் தாமதமாயிற்று. இந்த முடிவுகள் 1927-இல் வெளிவந்தன.

இருபது வருஷம் கழித்து, 1948-இல், மைரன் பிரின்ஸ்மெட்டல் என்ற டாக்டர் கதிர் வீசும் சோடியத்தை ரத்தத்தில் விட்டு, மார்பின் மேலேயே கைகர் கருவியை வைத்தார். ரத்தம் இருதயத்தின் வலப் பக்கம் புகுந்து போவதும், நுரையீரலைச் சுற்றிவிட்டு இடப் பக்கம் வந்து போவதும் ஒரு கோட்டில் இரண்டு மேடுகளாகப் பதிவாயின.

இவையெல்லாம் பிரமாதமான காரியங்கள்தாம். ஆனால் என் குழவிக்கு இவற்றில் பதில் இல்லை. இருதயத்தின் வழியாக ரத்தம் போவது ஒன்று. இருதயத்துக்கு ரத்தம் கிடைப்பது வேறொன்று. இந்த வித்தியாசம் எனக்கு அதுவரை தெரியாது. இருதயத்தின் அறைகளில் எந்நேரமும் ரத்தம் ததும்பிக்கொண்டிருக்கிறதே, அதற்குப் பசி ஏது என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியல்லவாம். கல்யாண வீட்டுச் சமையற்காரரைப் பாருங்கள். அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதிக்கும் இடத்திலேயே நிற்கிறார். ஆனாலும் அவருக்கென்று தனியாக ஓர் இலை போட்டுப் பரிமாறினால்தான் அவர் சாப்பிட முடியும். இருதயமும் அப்படித்தான். அது வெளியே தள்ளும் ரத்தத்தில் இருபதில் ஒரு பங்கு, பெருங்குழாயின் அடியிலேயே பிரியும் இரண்டு சிறு குழாய்கள் வழியாகத் திரும்பி வந்து இருதயத் தசைக்குப் பாய்கிறது. அந்தச் சிறு குழாய்களில்தான் அடைப்பு உண்டாகிறது.

குழாய்க்குள் சாயத்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தால் அடைப்புத் தெரியும். ஆஞ்சியோகிராம் என்று சொல்கிறார்களே, அது இதுதான். ஆனால் தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை: வாய்க்காலைப் பார்ப்பது வேறு, வயலைப் பார்ப்பது வேறு. தலைமடையில் மண் சரிந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. கடைமடையில் பயிருக்குத் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது, போய்ப் பயிரைப் பார்த்தால்தான் தெரியும்.

பயிரைப் பார்க்க வழி காட்டியது பொட்டாசியம். இருதயத் தசையின் ஒவ்வோர் அணுவறையும் பொட்டாசியத்தை ரத்தத்திலிருந்து இழுத்து உள்ளே சேர்த்து வைத்துக்கொள்கிறது. ஆகவே கதிர் வீசும் பொட்டாசியத்தை அனுப்பினால், ரத்தம் பாயும் தசையில் விளக்கு எரியும். பாயாத தசை இருண்டு கிடக்கும். கலிபோர்னியாவில் டிராவிஸ் விமானப் படைத் தளத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த பாரி ஸாரெட், வில்லியம் ஸ்ட்ராஸ் என்ற இளம் டாக்டர்களும் அவர்களுடைய சகாக்களும் இந்த முறையில் ஒரு காரியம் செய்தார்கள். மார்பு வலிக்காரர்களுக்குப் பொட்டாசியம் 43 என்ற கதிர்ப் பொருளை ஓய்வில் ஒரு முறையும், உடம்பை வருத்தி உழைக்க வைத்து ஒரு முறையும் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஓய்வில் முழுசாகத் தெரிந்த இருதயத்தில், உழைப்பின்போது ஓர் இடம் இருண்டது. 1973-இல் அவர்கள் இதை வெளியிட்டார்கள். இன்றைய பரீட்சை முறைக்கெல்லாம் அதுதான் பிள்ளையார் சுழி.

ஏன் ஓய்வில் தெரிவதில்லை? மறு வருஷமே லான்ஸ் கோல்ட் என்ற ஆராய்ச்சியாளர் நாய்களிடம் அளந்து காட்டினார். குழாயின் குறுக்களவில் 85 சதவிகிதம் அடைபட்டால்தான் ஓய்வு நேரத்து ரத்த ஓட்டம் குறைய ஆரம்பிக்கிறது. அதுவரை அடைப்புக்குக் கீழேயுள்ள நுண்குழாய்கள் விரிந்து கொடுத்துச் சமாளித்துவிடுகின்றன. ஆனால் அதிகப்படி ரத்தம் கேட்கும்போது, பாதி அடைப்பிலேயே பற்றாக்குறை தொடங்கிவிடுகிறது. நம் குடும்பங்களிலும் இதைப் பார்க்கிறோம் அல்லவா? மாதச் சம்பளத்தில் கௌரவமாகத்தான் காலம் ஓடுகிறது. பெண்ணுக்குக் கல்யாணம் என்று வந்தால்தான் கையிருப்பு இல்லை என்பது தெரிகிறது.

பொட்டாசியம் 43-க்கு ஒரு குறை. அதன் கதிர்கள் மிகவும் வேகம் வாய்ந்தவை. 1957-இல் பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பவர் கட்டியிருந்த அழகான கதிர்க் காமிராவுக்கு அவை அடங்கவில்லை. பொட்டாசியத்தைப் போலவே உடம்பை ஏமாற்றக்கூடிய, ஆனால் சாதுவான கதிர் வீசும் வேறு பொருள் வேண்டியிருந்தது. கிடைத்த பொருளின் பெயர் தாலியம்.

துப்பறியும் நாவல் படிக்கும் நேயர்கள் இங்கே நிமிர்ந்து உட்காருவார்கள். தாலியம் எலிப் பாஷாணமாயிற்றே! ஆமாம், அதேதான். அகதா கிறிஸ்டி 1961-இல் எழுதிய 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் கொலைக் கருவி அதுதான். 1977-இல் கதார் நாட்டிலிருந்து லண்டனுக்கு ஒரு கைக்குழந்தையைக் கொண்டுவந்தார்கள். என்ன வியாதி என்று டாக்டர்களுக்கு விளங்கவில்லை. அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த ஒரு நர்ஸ், "குழந்தைக்கு முடி கொட்டுகிறதே, இது தாலிய விஷமாக இருக்குமோ?" என்று கேட்டார். பரீட்சித்தார்கள், அதேதான். குழந்தை பிழைத்தது. நாவல் படிப்பதால் ஒரு பயனும் இல்லை என்று சொல்பவர்களுக்கு இதை எழுதிக் காட்டலாம்.

தாலியம் ஏன் விஷம்? உடம்பு அதைப் பொட்டாசியம் என்று நம்பி வீட்டுக்குள் விட்டுவிடுகிறது. எதனால் அது விஷமோ, அதே காரணத்தால்தான் அது விளக்காகவும் பயன்பட்டது. நியூயார்க் மாகாணத்தின் புரூக்ஹேவன் ஆராய்ச்சிசாலையில் எலியட் லெபோவிட்ஸும் அவர் சகாக்களும் 1970-களின் நடுவில் தாலியம் 201-ஐ இதற்காகத் தயார் செய்தார்கள். ஊசியில் போடும் அளவு மிக மிகச் சொற்பம். விஷமாக வேலை செய்ய அது போதாது. கதார் குழந்தை லண்டனுக்கு வந்த அதே 1977-இல், ஜெரால்டு போஹோஸ்ட் என்ற டாக்டர் வேறொரு விசேஷத்தைக் காட்டினார். உழைப்பின் உச்சியில் ஒரே ஊசி போட்டு உடனே ஒரு படமும், சில மணி நேரம் கழித்து ஒரு படமும் எடுத்தால் போதும். இருண்ட இடம் பிறகு நிரம்பினால் அங்கே தசை உயிரோடிருக்கிறது, தண்ணீர்தான் போதவில்லை. நிரம்பாமலே இருந்தால் அது பெரும்பாலும் முன்பே கருகிப்போன பயிர்.

தாலியத்தின் கதிரோ சற்று நோஞ்சான். பருமனான உடம்பில் படம் மங்கிவிடும். அதற்கு மாற்றாக வந்த டெக்னீஷியத்தின் கதை தனி நாவலுக்கு உரியது. மெண்டலீவ் தமது மூலக அட்டவணையில் மாங்கனீஸுக்குக் கீழே ஓர் ஆசனத்தைக் காலியாக விட்டுவைத்திருந்தார். 1937-இல் பெர்க்லியிலிருந்து தபாலில் வந்த ஒரு மாலிப்டினத் தகட்டுக்குள், இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் ஸெக்ரேயும் பெரியேயும் அந்த ஆசனத்துக்கு உரியவரைக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு வகை ஆறு மணி நேரத்தில் பாதியாகக் கரைந்துவிடும். காலையில் ஊசி போட்டு மாலையில் படம் பார்த்து, மறு நாளுக்குள் அநேகமாக ஒழிந்துவிடும் விருந்தாளி. இவ்வளவு சீக்கிரம் கரைவதைத் தூர தேசங்களுக்கு எப்படி அனுப்புவது? 1950-களின் கடைசியில் புரூக்ஹேவன்காரர்கள் வழி கண்டார்கள். தாய்ப் பொருளான மாலிப்டினத்தைக் குப்பியில் அனுப்பிவிடுவது; ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் உப்பு நீர் விட்டு டெக்னீஷியத்தைக் கறந்துகொள்வது! அந்தக் குப்பிக்கு அவர்கள் வைத்த செல்லப் பெயரே பசுதான்.

பசுவுக்கும் தீவனம் வேண்டும். உலகத்துக்கு மாலிப்டினம் கொடுத்து வந்தவை ஒரு சில பழைய அணு உலைகளே. 2009-இல் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவினால் நின்றபோது, பல தேசங்களில் நோயாளிகளின் பரீட்சைகள் தள்ளிப்போயின. அந்த உலையை 2018-இல் ஒரேயடியாக மூடிவிட்டார்கள்.

டெக்னீஷியம் தானாக இருதயத் தசைக்குள் போகாது. அதற்கு ஏற்ற ரசாயன வேஷம் போட வேண்டும். அதைப் போட்டவர்கள் பாஸ்டன் வட்டாரத்து ஆலன் டேவிசனும் அலன் ஜோன்ஸும். 'ஸெஸ்டமிபி' என்ற அந்த மருந்து 1990-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. இது தாலியத்தைப் போல் இடம் மாறுவதில்லை. ஊசி போட்ட நிமிஷத்தில் ரத்தம் எங்கே பாய்ந்ததோ அங்கேயே தங்கிவிடும். ஓடியவன் இறங்கி வந்து, வியர்வையைத் துடைத்து, அரை மணி உட்கார்ந்த பிறகு படம் எடுத்தாலும், ஓடிய நேரத்து உண்மைதான் படத்தில் வரும்.

எனக்குப் போட்டதும் அதுதான். முந்தைய நாளிலிருந்தே காப்பி கூடாது என்றார்கள். வியாதியைவிட அந்தத் தண்டனைதான் எனக்குப் பெரிதாகத் தோன்றியது. பிறகு ஓடும் பட்டையில் ஏற்றினார்கள். மூன்று நிமிஷத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் கூடும்; சியாட்டில் நகரத்து டாக்டர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வகுத்த கிரமம். இரண்டாம் கட்டம் முடியும்போது குழவி வந்துவிட்டது. "வலி வருகிறது, தம்பி" என்றேன். "அதற்காகத்தானே ஐயா இத்தனையும்! இன்னும் ஒரே நிமிஷம்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் பையன் ஊசியைச் செலுத்தினான். என் வலியைக் கண்டு ஒருவர் சந்தோஷப்பட்டது அதுவே முதல் தடவை.

சாயங்காலம் டாக்டர் படத்தைக் காட்டினார். சுற்றி வரும் காமிரா இருதயத்தைக் குறுக்கே சீவிச் சீவிக் காட்டுகிறது. ஒவ்வொரு சீவலும் அசல் உளுந்து வடை. நடுவில் ஓட்டை உட்பட. ஓய்வில் எடுத்த வரிசையில் வடைகள் முழுசாக இருந்தன. ஓடும்போது எடுத்த வரிசையில் அடிப்பக்கம் யாரோ ஒரு கடி கடித்திருந்தார்கள்.

"வாயு கடித்த அடையாளமா?" என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. "தசை உயிரோடிருக்கிறது. அது நல்ல சமாசாரம். ஓடும்போது அதற்குத் தண்ணீர் போதவில்லை. அது கெட்ட சமாசாரம்" என்றார்.

இந்தப் படத்துக்கும் ஏமாறும் இடம் உண்டு என்றும் அவர் மறைக்காமல் சொன்னார். பச்சை வயலோடு ஒப்பிட்டுத்தான் வாடிய வயலை இது காட்டுகிறது. எல்லா வயலும் ஒரே மாதிரி வாடியிருந்தால் எல்லாம் சரி என்று தோன்றிவிடக்கூடும். அதனால்தான் ரூபிடியம் 82 போன்ற பொருள்களைக் கொண்டு, இத்தனை தசைக்கு நிமிஷத்துக்கு இத்தனை ரத்தம் என்று அளந்தே சொல்லும் பெட் என்ற முறையும் வந்திருக்கிறது. எனக்கு மூலக் குழாயில் அடைப்பு இல்லை என்பதை ஸி.டி. படம் எடுத்தும் நிச்சயம் செய்துகொண்டார்.

அன்றிரவு வீட்டில் மகாநாடு கூடிற்று. "அடைப்பு என்று தெரிந்த பிறகு எதற்காகக் காத்திருக்க வேண்டும், அப்பா? நாளைக்கே ஸ்டென்ட் வைத்துவிடலாம்" என்றான் என் மகன். குரலில் அதட்டல் இருந்தது. கண்ணில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான். மறுநாள் இருவருமாக டாக்டரிடம் போனோம்.

"மாரடைப்பே வந்துவிட்டால் கதை வேறு, அங்கே ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார் டாக்டர். "உங்களைப் போல் உழைத்தால் மட்டும் வலி வருகிறவர்கள் விஷயத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 37 தேசங்களில் 5,179 பேர். நம் தேசத்தவர்களும் உண்டு. பாதிப் பேருக்கு மருந்தோடு முதலிலேயே ஆஞ்சியோகிராம் செய்து, வேண்டியவர்களுக்கு ஸ்டென்டோ ஆப்பரேஷனோ செய்தார்கள். பாதிப் பேருக்கு முதலில் மருந்து மட்டும். 2020-இல் முடிவு வெளியாயிற்று. மூன்று வருஷத்துக்கு மேல் கவனித்ததில், முதல் கூட்டத்தில் சாவும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை. அடிக்கடி வலி வந்தவர்களுக்கு வலி மட்டும் நன்றாகக் குறைந்தது. உங்களுக்கு வலி எப்போதாவதுதான். இப்போது நீங்களே சொல்லுங்கள்."

இத்தனை பேர் இத்தனை வருஷம் பாடுபட்டுக் கொடுத்த படம், கடைசியில் தீர்ப்பை என் கையிலேயே கொடுத்துவிட்டது! முதலில் ஏமாற்றமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால் அதுதான் நியாயம் என்று தோன்றியது. எந்த வயல் எப்போது வாடுகிறது என்று படம் சொல்லும். மடையை வெட்டுவதா, நீரைச் சிக்கனமாகப் பாய்ச்சுவதா என்பது குடியானவனும் கூட இருப்பவர்களும் பேசித் தீர்மானிக்க வேண்டியது. நான் மாத்திரையையும் தினசரி நடையையும் தேர்ந்தெடுத்தேன். வலி அதிகமானால் மறுபடி யோசிப்பதென்று என் மகனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் மறுபடியும் திருச்சிக்குப் போயிருந்தேன். படிகளில் நிதானமாக ஏறித் தாயுமானவர் சந்நிதி வரையில் போனேன். குழவி வரவில்லை. மேலே போகலாமா என்று என் மகன் பார்வையால் கேட்டான். உச்சிப் பிள்ளையாரை அங்கிருந்தே கும்பிட்டுவிட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.